சாக்கை நிறுக்கச் சொன்ன மிஸ்

மெஷின் மிஸ்ஸிடம் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் திரும்பி வரும். தலையை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, "சரிங்க, அது எப்பிடித் தெரியும்?" என்பார். சண்டைக்குக் கேட்பது மாதிரி இருக்காது. குற்றம் பிடிப்பது மாதிரியும் இருக்காது. மூடியிருக்கிற டப்பாவை யாராவது கையில் கொடுத்தால் உடனே திறந்து பார்க்கத் தோன்றுமே, அந்த ஆசையில் கேட்பது மாதிரி இருக்கும்.

அவர் டாக்டர் இல்லை, தாதியும் இல்லை. மலையிறங்கிப் போனால் வரும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் நின்றுபோன பிள்ளைகளின் இரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷின்கள் இருந்தன. அந்த மெஷினோடு ஒரு புதுக் குழாயைச் சேர்த்துப் பரீட்சை செய்துகொண்டிருந்த குழுவில் இவர் ஒரு இஞ்சினியர். பெயர் சட்டையில் குத்தியிருந்தது. ஆனாலும் வார்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்த பெற்றோர் எங்களில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவர் மெஷின் மிஸ்தான். நானும் பெயரை எழுதவில்லை.

நீலக் கோட்டுப் போட்டிருப்பார். அதன் வலது பை எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சின்னக் கொப்பி, பிறகு அந்தக் குழாய். டோர்ச் லைட் அளவுதான் இருக்கும். கண்ணாடி மாதிரித் தெரியும். உள்ளே ஆயிரக்கணக்கில் வெள்ளை நூல்கள், தலைமுடியைவிட மெல்லியவை, நெருக்கமாக நிற்கும். பாவிக்காத வெறும் குழாய் அது. கேட்ட பெற்றோர் கையில் எல்லாம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்.

"இது வடிகட்டிதானே மிஸ்?" என்று பொகவந்தலாவையிலிருந்து வந்த ஒரு அப்பா கேட்டார்.

"பாதி சரிங்க. கழிவை வடிக்கிறது அந்தப் பெரிய மெஷின். இது வேற வேல செய்யுது. நம்ம ரத்தத்துல காவக்காரங்க இருக்காங்க. கிருமி வந்தா அடிக்கிறதுக்கு. கிருமி கூடிப்போனா அவங்களுக்கே வெறி புடிச்சிரும். எது கிருமி, எது நம்ம சிறுநீரகம், எது நம்ம நுரையீரல்னு பாக்காம எல்லாத்தையும் போட்டு அடிப்பாங்க. இந்த நூல் வழியா ரத்தம் வர்றப்ப, அந்த வெறி புடிச்சவங்க இதுல ஒட்டிக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காருவாங்க. சூடு தணிஞ்சதும் ரத்தத்தோட திரும்பப் போயிருவாங்க."

"அப்பிடியே புடிச்சு வெளிய போட்டுறலாமே?"

"போட்டா அடுத்த கிருமி வந்தா அடிக்கிறது யாரு?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, தன் கையிலிருந்த குழாயையே சந்தேகமாகப் பார்த்தார். "இப்பிடித்தான் நடக்குதுன்னு நாங்க நெனைக்கிறோம். பெரியவங்ககிட்டப் பாத்திருக்கோம். சின்னப் புள்ளைங்ககிட்டயும் இதேதானான்னுதான் இங்க பாக்குறோம்."

தன்னையே அப்படிக் கேட்டுக்கொள்கிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் துரை சொல்வதைக் கணக்கப்பிள்ளை சொல்வார், அவர் சொல்வதை நாங்கள் சொல்வோம். யாரும் யாரையும் கேட்பதில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கீழே தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர் ஒரு முஸ்லிம் நானா. பெரிய துணிவடியில் தேயிலைச் சாயம் வடிப்பார். மிஸ் கோப்பையை வாங்கினால் குடிக்கமாட்டார், அந்த வடியையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"நானா, இத எப்ப மாத்துவீங்க?"

"அடைச்சா மாத்துவன்."

"அடைச்சது எப்பிடித் தெரியும்?"

"சாயம் மெதுவா எறங்கும் மிஸ்."

"எத்தனாவது கோப்பையில மெதுவாகத் தொடங்கும்? எத்தனையில சுத்தமா நிக்கும்?"

நானா கேத்தலைக் கீழே வைத்துவிட்டார். "மிஸ், நீங்க தேத்தண்ணி குடிக்க வந்தீங்களா, என்னையக் கோட்டுல ஏத்த வந்தீங்களா?"

கடையே சிரித்தது. ஆனால் அடுத்த நாள் நானா, தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்த மிஸ்ஸைப் பார்த்துக் கடைக்குள்ளிருந்தே கத்தினார்: "மிஸ்! நாப்பத்தொண்ணுல மெதுவாகுது! அம்பத்தாறுல நிக்குது!" மிஸ் நடுத்தெருவில் நின்று கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார். பின்னால் ஒரு ஆட்டோ ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஹட்டன் பஜாரில் அவருடைய அப்பாவுக்கு இரும்புக் கடையாம். சல்லடையும் கம்பிவலையும் விற்றுத்தான் அவரைப் படிக்க வைத்தாராம். "சின்ன வயசுல சல்லடைய வெளிச்சத்துல புடிச்சு ஓட்டைய எண்ணிக்கிட்டு இருப்பேன். வாங்க வந்தவங்க நின்னுக்கிட்டே இருப்பாங்க, அப்பா திட்டுவாரு," என்று ஒருநாள் சொன்னார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். கல்யாணம் முடித்ததே நாற்பதுக்குப் பிறகுதான். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் எனக்கு வேலை. மலையில் பெண்கள் எடுத்த கொழுந்தைச் சாக்கோடு கொண்டுவந்து நிறுக்கிற மடுவம் ஒன்று உண்டு. அங்கே சாக்கைத் தராசில் மாட்டி எடையைச் சத்தமாகச் சொல்வது என் வேலை. பக்கத்தில் கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்வார். ஒரு நாளைக்கு மூன்று தடவை கொழுந்து நிறுப்போம். எனக்கு அந்த மூன்று தடவைதான் பேச்சு, அதுவும் வெறும் எண்கள்.

அந்த எண்ணில் ஒரு வழக்கம் இருந்தது. சாக்குக்கும், இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்கும் என்று இரண்டு கிலோ கழித்துத்தான் சொல்ல வேண்டும். தராசு பதினாலு காட்டினால் நான் "பன்னெண்டு" என்பேன். எனக்கு முன்னால் நின்றவர் அப்படிச் சொன்னார். நானும் இருபது வருஷமாக அப்படியே சொன்னேன். மழைக் காலத்திலும் இரண்டு, வெயில் காலத்திலும் இரண்டு.

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த வீட்டில் பாக்கியக்கா இருக்கிறார். மலையில் அவரைவிட வேகமாகக் கொழுந்து எடுக்கிறவர் இல்லை, வாயிலும் அப்படித்தான். ஒரு மாசி மாத வெயிலில் தராசுக்கு முன்னால் நின்று கேட்டார்: "இந்தக் காச்சல்ல எந்தத் தண்ணியத் தம்பி கழிக்கிற? என் வேர்வையையா?" பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இவனுக்கு ஒரு புள்ள பொறந்தா, அதையும் ரெண்டு கிலோ கழிச்சுத்தான் சொல்லுவான், பாருங்க!" என்றார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் தராசையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பிறகு கல்யாணம் ஆகி, ரோஷினி பிறந்தாள். அவளுக்கு மூன்று வயது நடக்கும்போது, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருந்த தராசு பழுதாகிவிட்டது. பெற்றோர் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. மாதா மாதம் பிள்ளைகளை நிறுத்து அவரவர் கார்டில் எழுத வேண்டும். வேறு வழியில்லாமல், அங்கே பிள்ளைகளைப் பார்க்கிற அம்மா எல்லோரையும் மடுவத்துக்குக் கூட்டிவந்தார். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். ஒவ்வொருவராகக் கொழுந்துச் சாக்கில் உட்கார வைத்துத் தராசில் மாட்டினேன். எடையைச் சொன்னேன். அந்த அம்மா எழுதினார். அடுத்த மாதமும் அப்படியே செய்தோம்.

அதற்குப் பிறகு மிட்வைஃப் மிஸ் வந்து கார்டுகளைப் பார்த்துவிட்டு லயத்து முன்னால் நின்று சத்தம் போட்டார். "என்னத்தத் தின்னக் குடுக்குறீங்க? எல்லாப் புள்ளைகளும் எறங்கியிருக்கு!" தாய்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி அன்றிலிருந்து ரோஷினிக்குத் தினம் ஒரு முட்டை கொடுத்தாள். எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. அந்த எண்ணைச் சொன்னது நான்தான் என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை.

அதே மாதம் ரோஷினிக்கு வயிற்றோட்டம் வந்தது. இரண்டு நாளில் காய்ச்சல். மூன்றாவது நாள் மூத்திரம் நின்றுவிட்டது. நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து அம்புலன்ஸில் கீழே அனுப்பினார்கள். போய்ச் சேரும்போது அவள் முகமும் காலும் பொதபொதவென்று வீங்கியிருந்தன. கிருமி இரத்தத்தில் ஏறி, சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அவர் சிங்களவர். எங்களுக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

சுத்தம் செய்கிற மெஷினை உடனே போட்டார்கள். அதோடு அந்தப் புதுக் குழாயையும் சேர்ப்பதா என்று பேச்சு வந்தது. சேர்த்தால் நல்லதாக இருக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் பத்துக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதைப் போடக்கூடாது. கட்டிலோடு நிறுத்துப் பார்த்தபோது ரோஷினி பன்னிரண்டுக்கு மேல் இருந்தாள். அதில் எவ்வளவு பிள்ளை, எவ்வளவு ஏறிய தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நோய்க்கு முந்திய எடை என்ன என்று கார்டைப் பார்த்தார்கள். ஒன்பதரை.

"ஒம்பதரைக்கு ஏலாது," என்றார் டாக்டர். "தோட்டத்துப் பிள்ளைகள் மெலிவுதானே." இரக்கமாகத்தான் சொன்னார். என் மனைவி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மெஷின் மிஸ் வந்து எங்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். கையில் நானா கடை போத்தல் ஒன்று, நிறையச் சாயத்தண்ணி.

"அண்ணே, இந்தப் பத்துக் கிலோ சும்மா வச்ச கணக்கு இல்ல. ஒங்க புள்ளகிட்ட இருக்கிற மொத்த ரத்தமே ஏறக்குறைய இந்தப் போத்தல் அளவுதான்." போத்தலிலிருந்து ஒரு கோப்பையில் ஊற்றினார். "மெஷினும் குழாயும் நெறையிறதுக்கு இவ்வளவு வெளிய வரணும். மிச்சத்த வச்சுப் புள்ள சமாளிக்கணும். போத்தல் சின்னதாப் போனா, இந்தக் கோப்ப பெரிசாப் போயிரும். வெளங்குதா?"

விளங்கியது. என் மகளின் இரத்தம் ஒரு போத்தல் என்பதும் விளங்கியது.

அவர் மடியில் ரோஷினியின் கார்டு இருந்தது. மாதா மாதம் எடையைப் புள்ளி வைத்து இழுத்த கோடு. பத்து இருநூறு, பத்து நானூறு. பிறகு ஒரேயடியாகக் கீழே ஒன்பது முந்நூறு. கடைசிப் புள்ளி ஒன்பதரை.

"இந்த மாசம் புள்ளைக்குச் சுகமில்லையா?"

"நல்லாத்தான் இருந்தா," என்றாள் என் மனைவி.

"நல்லா இருந்த புள்ள ஒரு கிலோவுக்கு மேல எறங்குவாளா? சரி, எறங்குனான்னே வைப்போம். எறங்குன எடத்திலேர்ந்து பழையபடி அதே மாதிரி எரநூறு கிராம் ஏறியிருக்கா. மெலியிற புள்ள இப்பிடி ஏறாது." கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஒம்பதரைன்னு எப்பிடித் தெரியும்ண்ணே?"

"நான்தான் நிறுத்தேன்," என்றேன்.

"நீங்களா? எப்பிடி நிறுத்தீங்கன்னு காட்டுங்க."

வார்டு நடைபாதையில் பிள்ளைகளை நிறுக்கிற தொங்கு தராசு ஒன்று இருந்தது. மிஸ் தன் தோள்பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "இதுதான் புள்ள. நான் எழுதுற ஆள். நிறுத்துச் சொல்லுங்க."

நான் பையை மாட்டினேன். ஆடுவது நிற்கும்வரை ஒரு விரலால் பிடித்தேன். முள் நின்றது.

"ரெண்டு அறுநூறு," என்றேன்.

மிஸ் எழுதவில்லை. தராசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தராசைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முள் நாலு அறுநூறில் நின்றது.

என் கண் நாலைப் பார்த்திருந்தது. வாய் இரண்டைச் சொல்லியிருந்தது. நடுவில் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. இரண்டு கிலோ கழிக்கிற வழக்கத்தைத் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"அப்ப தராசு பதினொண்ணரை காட்டியிருக்கு," என்றார் மிஸ் மெதுவாக.

"ஆமாங்க. இல்ல... பன்னெண்டாக் கூட இருக்கும் மிஸ். பன்னெண்டுதான்."

"அண்ணே." அவர் குரல் மாறியது. "பத்து வேணும்னு நெனைச்சுக்கிட்டு எண் சொல்லாதீங்க. பொய்யான பத்துக்கு நான் குழாயப் போட்டா, அந்தக் கோப்பைக்குப் பதில் சொல்லப் போறது ஒங்க மக. எனக்கு வேணுங்கிற பதில் வேணாம். இருக்கிற பதில் வேணும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சாக்குக்குத்தானே ரெண்டு கிலோ கழிச்சீங்க. சாக்கு எவ்வளவு?"

"தெரியாதுங்க."

"ஒரு தடவகூட நிறுத்துப் பாத்ததில்லையா?"

இல்லை. இருபது வருஷத்தில் ஒருநாளும் வெறும் சாக்கைத் தராசில் மாட்டியதில்லை. எனக்கு முன்னால் நின்றவரும் மாட்டியதில்லை. கணக்கப்பிள்ளையும் கேட்டதில்லை.

அதே சாக்கு வேண்டும் என்றார் மிஸ். நிறுத்த அன்று பிள்ளை போட்டிருந்த உடுப்பும் வேண்டும். மடுவத்துத் தராசு சரியா என்றும் பார்க்க வேண்டும். நான் பாக்கியக்காவுக்குப் போன் எடுத்தேன். வேறு யாருக்கு எடுப்பது?

"அக்கா, மடுவத்துல நம்ம கொழுந்துச் சாக்கு ஒண்ணு வேணும். ரோஷினியோட செவப்பு சுவெட்டரும் காச்சட்டையும்."

"சாக்கா? ஏன்டா தம்பி, ஆஸ்பத்திரியிலயும் கொழுந்து எடுக்கச் சொல்லிட்டாங்களா?"

மிஸ் பக்கத்தில் நின்றார். "சொல்லுங்கண்ணே," என்றார்.

"புள்ளயயும் ரெண்டு கிலோ கழிச்சுச் சொல்லிட்டேன்க்கா."

சிரிப்பு வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

"பஸ்சுல குடுத்துவிட மாட்டேன்," என்றார் பாக்கியக்கா. "நானே கொண்டாறேன்."

மிஸ் சொன்னபடி, வழியில் கடையில் பிரிக்காத அஞ்சு கிலோ மாப் பையை வாங்கி, மடுவத்துத் தராசில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் அக்கா பஸ் ஏறினார். தராசு அஞ்சு காட்டியது. பகல் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார். மலைக்குக் கட்டுகிற படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் இடுப்பில் வைத்தபடியே வார்டு நடைபாதையில் நின்றார்.

டாக்டர் வந்தார், தாதி வந்தார். மிஸ் சாக்கை மடித்துத் தராசில் வைத்தார். முந்நூற்றுப் பத்துக் கிராம். சுவெட்டரும் காற்சட்டையும் சேர்த்து முந்நூற்றைம்பது.

பாக்கியக்கா அந்த எண்ணை எட்டிப் பார்த்தார். அவர் இரண்டாம் வகுப்புத்தான், ஆனால் எண் தெரியும். "ரெண்டு கிலோ எங்கடா தம்பி?" என்றார். திட்டுவது மாதிரிச் சொல்லவில்லை. தொலைந்த பொருளைத் தேடுவது மாதிரிக் கேட்டார்.

பதினொன்றரையிலிருந்து சாக்கு, உடுப்பு இரண்டின் எடையையும் கழித்தார் மிஸ். பத்துக் கிலோ எண்ணூற்று நாற்பது. டாக்டர் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். பழைய புள்ளிகளோடு சேர்த்துக் கோட்டை இழுத்தார். கோடு நேராக ஏறியது. "ஹரி," என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டிவிட்டு, குழாய் போட என்னிடம் கையெழுத்து வாங்கினார். 'தோட்டத்துப் பிள்ளைகள் மெலிவு' என்று சொன்னதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

குழாய் ஐந்து நாள் ஓடியது. மிஸ் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே இருப்பார். நான்காம் நாள் காலையில் ரோஷினியின் கட்டிலில் தொங்கிய பையில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் தெரிந்தது. தாதி அதை விளக்கைக் காட்டுவது மாதிரி எங்களுக்குத் தூக்கிக் காட்டினார்.

என் மனைவி ஓடிப்போய் மிஸ்ஸின் காலைத் தொடப்போனாள். மிஸ் பின்னால் நகர்ந்துவிட்டார். "வேணாம்க்கா. குழாய்தான் காப்பாத்துச்சுன்னு எப்பிடித் தெரியும்? மருந்தும் குடுத்தாங்க. மெஷினும் ஓடிச்சு. புள்ளயும் விடாமப் போராடுனா. ஒரு புள்ளய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"என்ன மனுசியோ," என்று என் மனைவி என்னிடம் முணுமுணுத்தாள். "நன்றின்னு சொன்னாக்கூட ஏத்துக்க மாட்டேங்குறாங்க." எனக்கும் அப்போது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அடுத்த கட்டிலில் ஒரு குழந்தை இருந்தது. மரக்கறித் தோட்டம் செய்கிற சிங்களக் குடும்பம். சாக்கை நிறுத்து எங்கள் பிள்ளையின் கணக்கு மாறியதை அந்தத் தாய் பார்த்திருந்தாள். தன் பிள்ளையின் கார்டை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு மிஸ்ஸிடம் வந்தாள். மிஸ் கார்டை வாங்கி அந்தக் கோட்டையும் பார்த்தார். தாயிடம் சிங்களத்தில் நிறைய நேரம் கேட்டார். தராசு எது, உடுப்பு என்ன, யார் எழுதியது. பாக்கியக்கா பார்த்த மாதிரியே அந்தத் தராசையும் ஆள் விட்டுப் பார்க்கச் சொன்னார். எப்படிக் கேட்டாலும் எட்டுக் கிலோதான். மூன்றாம் நாள் அந்தக் குழந்தை இறந்துபோனது.

அன்று பகல் நான் தேத்தண்ணி வாங்கப் போனேன். மிஸ் நானா கடையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் முக்கால் போத்தல் சாயத்தண்ணி. கோப்பையில் ஊற்றுவதும் போத்தலில் திருப்பி ஊற்றுவதுமாக இருந்தார்.

"நானா, இதவிடச் சின்னக் கோப்ப இருக்கா?"

நானா கேலி செய்யவில்லை. உள்ளே போய், மேல் தட்டில் எதையெதையோ நகர்த்தி, விருந்தாளிக்குச் சர்பத் கொடுக்கிற குட்டிக் கிளாஸ் ஒன்றை எடுத்துவந்து துடைத்து வைத்தார். மிஸ் அதில் ஊற்றிப் பார்த்தார். போத்தலில் மிஞ்சியதைப் பார்த்தார்.

"இதவிடச் சின்னது?"

"இல்லையே மிஸ்," என்றார் நானா.

நான் அவரிடம் கேட்ட ஒரே கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "மிஸ், எட்டுக் கிலோப் புள்ளைக்கு எப்ப வரும்?"

தலையைச் சாய்க்கவில்லை. கண்ணையும் இடுக்கவில்லை. "தெரியலண்ணே," என்றார். அந்த வாயிலிருந்து அதை நான் ஒரு தடவைதான் கேட்டேன். நன்றியை ஏன் வாங்க மறுத்தார் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. எங்களுடையதை வாங்கியிருந்தால், அந்தத் தாய்க்கு என்ன கொடுப்பது?

ரோஷினியைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினோம். நான் மடுவத்துக்குப் போன முதல் நாள், பாக்கியக்கா வரிசையில் முதலாவதாக நின்றார். நான் அவருடைய சாக்கை மாட்டவில்லை. வெறும் சாக்கு ஒன்றை மாட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டது.

"முந்நூத்திப் பத்துக் கிராம்," என்றேன்.

"என்ன வெளையாட்டு இது?" என்றார் கணக்கப்பிள்ளை. "ரெண்டு கழிச்சுச் சொல்லு."

"நான் தராசுல உள்ளதச் சொல்றேங்க. கழிக்கிறதுன்னா நீங்க எழுதுறப்பக் கழிச்சுக்குங்க."

அவர் கழித்துத்தான் எழுதினார். ஆனால் அன்றிலிருந்து முழு எண்ணும் எல்லோர் காதிலும் விழுந்தது. மழை இல்லாத ஒரு நாள், இல்லாத தண்ணீருக்குக் கழிக்கக்கூடாது என்று பாக்கியக்கா தராசுக்கு முன்னால் படங்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தண்டனையாக என்னை இரண்டு மாதம் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது வெயில் நாளில் கழிவு அரைக் கிலோ என்று ஆகியிருந்தது. அரைக் கிலோவும் அதிகம்தான். அதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளின் கார்டுகளை மிட்வைஃப் மிஸ் திருத்தி எழுதினார். எந்தத் தாயும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை, அதே மாதத்தில், மிஸ் போன் எடுப்பார். குழாய் போட்ட பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். சுகம் விசாரிப்பது எல்லாம் கடைசியில்தான். முதல் கேள்வி, "எத்தன கிலோ?" சொன்னதும் இரண்டாவது கேள்வி வரும். நான் ஒழுங்காக ஒவ்வொன்றாகச் சொல்வேன். என் மனைவி பக்கத்தில் நின்று வாயைப் பொத்திச் சிரிப்பாள். வேறு யாரிடமும் நான் இவ்வளவு நேரம் போனில் பேசியதில்லை.

இந்த வருஷமும் நாள் நெருங்க, ரோஷினியை மடுவத்துக்குக் கூட்டிப்போனேன். எட்டு வயது. சாக்கில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டு, "கழிச்சுச் சொல்லாதீங்கப்பா!" என்று சத்தம் போட்டாள். அந்தக் கதை அவளுக்கும் தெரியும். பாக்கியக்கா சொல்லியிருக்கிறார்.

போன் வந்தது. மிஸ்ஸின் குரல் இல்லை. ஒரு இளம் ஆண் குரல். மிஸ் வேறு நாட்டுக்குப் போய்விட்டாராம். இதைவிடச் சின்னக் குழாய் செய்கிற வேலையாம்.

"எட்டுக் கிலோப் புள்ளைக்கா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க ஐயா. இன்னும் முடியல." பிறகு, "மகளுக்கு இப்ப எத்தன கிலோங்க?" என்றார்.

"இருவத்தி ரெண்டு கிலோ எரநூறு."

"சரிங்க ஐயா, குறிச்சுக்கிட்டேன். ரொம்ப நன்றி," என்று போனை வைக்கப்போனார்.

"தம்பி," என்றேன்.

"சொல்லுங்க."

"எப்பிடித் தெரியும்னு நீங்க கேக்கலியே."

போனில் ஒரு தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. "சரிங்க ஐயா. எப்பிடி நிறுத்தீங்க?"

மடுவத்து வாங்கில் உட்கார்ந்தேன். போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"மொதல்ல வெறுஞ் சாக்க மாட்டுனேன் தம்பி," என்றேன்.